நாலாவதாக நின்றவர்

17.08.1997 – ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து றஜிதாவின் பெட்டியை மூன்றாம் தரமும் அடுக்கினேன். அவள் மூன்றாம் தரமும் கலைத்தாள். ஒரு வருடம் சீனாவில் படிக்கப் போகிறவளுக்கு இரண்டு ஜீன்ஸும் ஒரு அகராதியும் போதுமாம். மிளகாய்த்தூள் வேண்டாமாம். "அங்கையும் மனிசர்தானே அம்மா இருக்கினம், சாப்பிடாமலே இருக்கினம்?" என்று கேட்கிறாள்.

ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அக்கவுண்டிங், கொம்பியூட்டர் என்று படிக்க, என் ஒரே பிள்ளை சைனீஸ் படிக்கிறது. இங்கே ரொறன்ரோவில், மல்வேர்ன் பக்கம் கேட்கிற எங்கள் ஆட்களுக்கு "பிஸ்னஸ் சம்பந்தமான படிப்பு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இவர் அதைக் கேட்டுவிட்டு, "பொய்யும் சொல்லிக்கொண்டு சாமியாரிட்டை நன்மையும் வாங்கிறாய்" என்று பகிடி பண்ணுகிறார்.

பின்னேரம் லிஹுவா வந்தாள். மஃபின் ஃபக்டரியில் ஆறு வருடமாக எனக்கு எதிரே நின்று பெட்டி அடைக்கிறவள். வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தரம். எங்கள் இரண்டு பேரின் இங்கிலிஷையும் சேர்த்தால்தான் ஒரு ஆளின் இங்கிலிஷ் வரும். அப்படியிருந்தும் அவளுடைய கதை முழுக்க எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. இன்றைக்குத்தான் சொன்னாள்.

தொண்ணூறாம் ஆண்டு, இரண்டரை வயது மகளைத் தமக்கையிடமும் தகப்பனிடமும் விட்டுவிட்டுப் படிக்க என்று வந்தவள். புருசன் அதற்கு முதலே விட்டுப் போய்விட்டான். இங்கே வந்து அகதி என்று கேட்டாள். கேட்டவள் திரும்பிப் போக முடியாது. இது எங்களுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டிய கதையா? பேப்பர்கள் சரிவர ஏழு வருடம் பிடித்தது. இப்போது மகளை ஸ்பொன்சர் பண்ணலாம். ஆனால் பிள்ளையின் பாஸ்போட்டுக்கு வீட்டுப் பதிவுப் புத்தகம் வேண்டும். அது தகப்பனின் அலுமாரிக்குள் இருக்கிறது. பிள்ளையை விட்டுப் போனவளுக்குப் பிள்ளை இல்லை என்று ஒரே தரம் சொன்னாராம். அதோடு அவள் பெயரையே எடுப்பதில்லை. போனுக்கும் வரமாட்டார்.

மகளின் பெயர் யுன்யுன். ஒன்பதரை வயது. பெரியம்மாவைத்தான் "மம்மா" என்று கூப்பிடுகிறதாம். இதைச் சொல்லும்போது லிஹுவா தான் கொண்டுவந்த சிவப்பு விண்டர் ஜக்கெற்றின் சிப்பை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள்.

றஜிதா படிக்கப்போகிற சுஜோ நகரத்திலிருந்து ஒரு மணித்தியால பஸ் தூரத்தில் தோங்லி என்று ஒரு பழைய ஊர். தெருவுக்குப் பதிலாக வாய்க்கால். வாசற்படியே தண்ணீருக்குள் இறங்குமாம். அதுதான் இவளுடைய ஊர். ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு றஜிதா அங்கே போக வேண்டும். தகப்பன் அந்த நேரம் வள்ளத்தில் சந்தைக்குப் போய்விடுவார், மத்தியானம்தான் வருவார். அதற்குள் ஜக்கெற்றைக் கொடுத்து, பிள்ளையை ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். தமக்கைக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறாளாம். அவ்வளவுதான் கேட்டாள்.

ஜக்கெற்றின் சைஸைப் பார்த்தேன். ஆறு வயதுப் பிள்ளைக்கும் இறுக்கும். இவள் மனத்தில் பிள்ளை வளரவே இல்லை. நாளைக்கு அவளிடம் கடைப் பில்லை வாங்கிக்கொண்டு போய், வளருகிற பிள்ளைக்கு எடுக்கிற மாதிரி இரண்டு சைஸ் பெரிதாக மாற்ற வேண்டும்.

24.08.1997 – ஞாயிறு

போய்விட்டாள்.

எயாப்போட்டில் படம் எடுத்தோம். எங்கள் வீட்டில் மூன்று பேர்தான், ஆனால் மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்கிறவருக்குக் கூடாது. பங்குச் சாமியார் இதை மூடநம்பிக்கை என்று எத்தனை பிரசங்கம் வைத்தாலும் நான் கேட்கிறதாக இல்லை. அதனால் எங்கள் அல்பத்தில் எல்லாக் குடும்பப் படத்திலும் ஒரு நாலாவது ஆள் இருப்பார். கோயிலில் றஜிதாவுக்கு உறுதிபூசுதல் கொடுத்த படத்தில் பக்கத்து வீட்டு ஜோசப்பின். ஹைஸ்கூல் முடித்த படத்தில் யாரென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரர். "இவர் எங்கடை சித்தப்பா" என்று சிநேகிதிகளுக்குக் காட்டிச் சிரிக்கிறவள் இவள். இன்றைக்கு லிஹுவாவை இழுத்து நிறுத்தினேன். ஏன் என்று கேட்காமல் வந்து நின்றாள்.

றஜிதா உள்ளே போன பிறகு அழுதேன். எண்பத்தெட்டில் இதே எயாப்போட்டில்தான் அவள் வந்து இறங்கினாள். பதினொரு வயது. கொழும்பில் கன்னியாஸ்திரிமாரின் ஹொஸ்டலில் இரண்டு வருடம் விட்டுவிட்டு நாங்கள் முதலில் வந்திருந்தோம். வந்த பிள்ளை ஒரு மாதம் வரைக்கும் ஃபிரிட்ஜைத் திறக்க என்னிடம் அனுமதி கேட்டது. "திறக்கலாமோ?" என்று, யாரோ வீட்டுக்காரியிடம் கேட்பது போல.

லிஹுவாவுக்கு இதை நான் சொல்லவில்லை.

09.09.1997 – செவ்வாய்

போன் எடுத்தாள். மிளகாய்த்தூள் வேண்டுமாம்.

13.10.1997 – திங்கள்

தாங்ஸ்கிவிங் லீவு. லிஹுவாவின் கண்ணைப் பார்க்காமல் இருக்க ஒரு நாள் கிடைத்தது. ஒவ்வொரு திங்களும் அவள் வாயால் கேட்பதில்லை, என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு மஃபினைப் பார்ப்பாள்.

இன்னும் போகவில்லை றஜிதா. நேற்றைய ஞாயிறு பரீட்சைக்குப் படிப்பாம். அதற்கு முதல் ஞாயிறு தடிமனும் இருமலுமாம். அதற்கும் முதல் ஜேர்மன்காரப் பெட்டை ஒருத்தியோடு மலை பார்க்கப் போனாளாம். போனில் கத்திவிட்டேன். "ஒரு தாய் இஞ்சை காத்துக்கொண்டு நிக்கிறாள், உனக்கு மலை கேக்குதோ?" போன் கார்ட் முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகு மெல்ல, "பயமாக் கிடக்கு அம்மா. தாய் அனுப்பின ஆள் எண்டு அந்தப் பிள்ளை என்னைக் கண்டு ஓடி ஒளிச்சால் நான் என்ன செய்யிறது?" என்றாள்.

அந்தப் பிள்ளையின் மனம் என்னைவிட இவளுக்குத்தானே தெரியும்?

09.11.1997 – ஞாயிறு

காலை எட்டு மணிக்கு போன். அங்கே இரவு ஒன்பது. "போட்டு வந்திட்டன் அம்மா. ஆனால் ஒரு பிழை விட்டிட்டன். பெரிய பிழையோ சின்னப் பிழையோ எண்டு தெரியேல்லை. கடிதத்தில எழு—"

கார்ட் முடிந்துவிட்டது. இந்தக் கார்ட் விற்கிறவர்களுக்கு நல்ல சாவு வராது.

10.11.1997 – திங்கள்

"போனாளாம், படம் வருகுது" என்று மட்டும் லிஹுவாவிடம் சொன்னேன். பிழையைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் இன்றைக்கு முழுதும் பெட்டிகளில் லேபலைத் தலைகீழாக ஒட்டினாள். சுப்பவைசர் காணுமுன் நான் பிரித்து ஒட்டினேன்.

27.11.1997 – வியாழன்

கடிதம் வந்துவிட்டது. எட்டுப் பக்கம். உள்ளே லிஹுவாவுக்கென்று ஒட்டிய ஒரு சின்னக் கவர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இவர், "வெரோனி, அது மற்றவளின்ரை" என்றார். வைத்துவிட்டேன்.

றஜிதாவை ஒன்பது மணிக்கு அங்கே நிற்கச் சொல்லியிருந்தது. போனது பன்னிரண்டரைக்கு! ஒரு பஸ் தவறியதாம், அடுத்த பஸ் பழுதாம். சீனாவுக்குப் போயும் தமிழ் நேரத்தை விடவில்லை.

ஊர் மிக அழகாம். வாய்க்கால் கரையெல்லாம் சாம்பல் கல்லுப் படி. ஒரு படியில் ஒருத்தி கீரை கழுவ, அடுத்த படியில் ஒருத்தி கால்சட்டை துவைக்க, நடுவால் ஒரு வள்ளம் போகிறது. வள்ளத்து விளிம்பில் மீன் பிடிக்கிற கறுப்புப் பறவைகள் வரிசையாக. கிட்டக் கிட்ட மூன்று கல்லுப் பாலங்கள். கலியாணம் முடித்தவர்கள் மூன்றையும் நடந்து கடந்தால் நல்லதாம். கிழவிமார் இவளுடைய கையைப் பிடித்துப் பார்த்து எந்த நாடு என்று கேட்டார்கள். கனடா என்றாளாம். "கனடாக்காரர் வெள்ளையெல்லோ" என்று ஒருத்தி மறுத்துவிட்டாளாம். நல்லாய் வேணும்.

வீட்டைக் கண்டுபிடித்தாள். தமக்கை வாசலுக்கு ஓடிவந்து, சுற்றிப் பார்க்க வந்த மாணவி என்று எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொன்னாளாம். யுன்யுன் ஓடி ஒளிக்கவில்லை. ஜக்கெற்றைப் போட்டுப் பார்த்தது. சரியான அளவு. (இரண்டு சைஸ் கூட்டி எடுத்தவள் யார்?) "கனடாவிலை வாய்க்கால் இருக்கா?" என்று கேட்டதாம். கடல் மாதிரி ஒரு ஏரி இருக்கிறது என்று இவள் சொன்னாளாம். "அதிலை எப்பிடிக் கீரை கழுவிறது?" என்றதாம்.

இனி வருவதை அவள் எழுதினபடியே எழுதி வைக்கிறேன்.

"அம்மா, சிரிக்காதேங்கோ. வாய்க்கால் படியிலை லிஹுவா அன்ரியின்ரை அக்காவும் அவவின்ரை மனிசனும் நிண்டவை, நடுவிலை யுன்யுன். கமெராவைக் கண்ணிலை வைச்சிட்டன். மூண்டு பேர். என்ரை விரல் அமத்தேல்லை. நான் படிச்ச பிள்ளை, இதெல்லாம் விசர் எண்டு உங்களோடை சண்டை பிடிக்கிற ஆள். ஆனால் நடுவிலை அந்தப் பிள்ளை நிக்குது. என்னாலை ஏலாமப் போச்சு.

"வாசல் பக்கத்திலை ஒரு வயசு போனவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாட்டுக் கொம்பு மாதிரி ஒரு கறுப்புக் காய் உரிச்சுக்கொண்டிருந்தார். அயலட்டை ஆள் எண்டு நினைச்சிட்டன். 'தாத்தா, நீங்களும் வந்து நில்லுங்கோ' எண்டு கூப்பிட்டன். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுறா, கையைக் காட்டுறா. எனக்கு விளங்கேல்லை. 'மூண்டு பேராய் நிண்டால் நடுவிலை நிக்கிறவைக்குக் கூடாது, எங்கடை அம்மா சொல்லுறவ' எண்டு எனக்குத் தெரிஞ்ச சைனீசிலை சொன்னன்.

"அவர் திரும்பினார். 'எங்கடை கிழவிமார் மாதிரி உங்கடை அம்மாவும் அப்பிடிச் சொல்லுறவவோ?' எண்டு கேட்டார். யுன்யுனைப் பார்த்தார். கத்தியை வைச்சிட்டு, கையைத் துடைச்சுக்கொண்டு வந்தார். வந்து நிக்கமுதல் ஒண்டு கேட்டார்: 'இந்தப் படம் எங்கை போகும்?'

"எனக்குப் பொய் வரேல்லை அம்மா. 'ரொறன்ரோவுக்கு' எண்டன்.

"அவர் கொஞ்ச நேரம் தண்ணியைப் பார்த்தார். பிறகு சட்டையின்ரை மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு யுன்யுனுக்குப் பின்னாலை போய் நிண்டார். எடுத்தன்.

"பஸ்ஸுக்கு நடந்து வரேக்கைதான் அக்கா அழுது அழுது சொன்னா, அதுதான் தங்கடை அப்பா எண்டு. அவர் சந்தையாலை வரமுதல் நான் போயிருக்க வேணும். எல்லாத்தையும் கெடுத்துப்போட்டனோ?"

இன்னும் ஒன்று எழுதியிருக்கிறாள். போகும்போது கிழவர் இவளிடம் பிறந்த இடம் எது என்று கேட்டிருக்கிறார். சிலோன் என்றதும் முகம் மாறியதாம். அந்தக் காலத்தில் சிலோன் றப்பருக்குச் சீனா அரிசி அனுப்பியதாம். தான் அந்த மூட்டைகளை வள்ளத்தில் ஏற்றினவராம். சின்ன வயதில் கூட்டுறவுச் சங்கக்கடையில் நாங்கள் வாங்கிய அரிசி அதுதானோ? கல்லுக் கூடின அரிசி. இதை றஜிதாவுக்கு எழுதமாட்டேன்.

நாளைக்கு இந்தக் கவரைக் கொடுக்க வேண்டும். தகப்பனுக்குத் தெரிந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல? மாதாவே, என் பிள்ளையால் அவளுடைய பிள்ளை வராமல் போகக் கூடாது.

28.11.1997 – வெள்ளி

லஞ்ச் றூமில் கொடுத்தேன். கையைச் சோப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டு வந்து பிரித்தாள். பிள்ளையைத்தான் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்த்தாள். பிறகு அவளுடைய விரல் மேலே, பிள்ளைக்குப் பின்னால் நின்றவரிடம் போனது. எழும்பினாள். கதிரை விழுந்தது. பாத்றூமுக்குப் போனவள் லைனுக்குத் திரும்பவில்லை. சுகமில்லை என்று வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

நான் ஏன் இந்தப் பிள்ளைக்கு இந்த விசரையெல்லாம் பழக்கினேன்? பேசாமல் மூன்று பேரையும் எடுத்துக்கொண்டு வந்திருப்பாளே!

01.12.1997 – திங்கள்

வந்தாள். பத்து மணி பிரேக்கில் தானாக வந்து பக்கத்தில் இருந்தாள். படத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, கையை நீட்டி என் வாயை மூடினாள்.

"வெரோ, அவருக்குத் தெரியும்," என்றாள். "படம் யாரிடம் வருகிறதென்று தெரிந்துகொண்டு நிற்கிறார். பார், நேரே என்னைத்தான் பார்க்கிறார். ஏழு வருடத்துக்குப் பிறகு."

பார்த்தேன். மெலிந்த மனிதர். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கழுத்துப் பொத்தான் பூட்டியிருக்கிறது. இரண்டு கையும் பிள்ளையின் தோளில். தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பிடித்திருக்கிறாரா, கொண்டு போ என்று காட்டுகிறாரா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லிஹுவாவுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் பிரேக் முடிகிற மணி அடிக்கும்வரை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

20.02.1998 – வெள்ளி

ஸ்நோ. பஸ் நாற்பது நிமிடம் பிந்தியது. ஸ்ரொப்பில் லிஹுவா தொப்பியும் இல்லாமல் நிற்கிறாள், கையில் தமக்கையின் கடிதம். சீனப் புதுவருடத்து இரவு எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, கிழவர் அலுமாரியைத் திறந்து பதிவுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாராம். போய்ப் படுத்துவிட்டாராம்.

பஸ்ஸுக்குள்ளேயே கட்டிப்பிடித்து அழுதோம். டிரைவர் என்ன நினைத்தானோ.

றஜிதாவுக்கு உடனே போன் எடுத்துச் சொன்னேன். "அப்ப என்ரை பிழை சின்னப் பிழைதானே?" என்றாள். "ஓம் பிள்ளை," என்றேன். "இனியாவது நேரத்துக்குப் போகப் பழகு."

11.07.1998 – சனி

யுன்யுன் வந்துவிட்டாள். தாத்தா ஷங்காய் எயாப்போட் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாராம். முப்பது டிகிரி வெயிலில் சிவப்பு ஜக்கெற்றை முழுக்கப் பூட்டிக்கொண்டு, வேர்க்க வேர்க்க வந்தாள். கனடா குளிர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

லிஹுவா முழங்காலில் இருந்து கையை விரித்தாள். பிள்ளை நின்ற இடத்தில் நின்று "ஹலோ" என்றது, ஒஃபிசரிடம் சொல்கிறது போல. விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் லிஹுவா பெட்டியைத் தூக்கினாள்.

காரில் யுன்யுன், படிப்பு முடிந்து போன கிழமை திரும்பி வந்த எங்கள் றஜிதாவிடம் ஏதோ கேட்டது. இவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வீட்டுக்கு வந்துதான் எனக்குச் சொன்னாள்: "அவவை நான் எப்பிடிக் கூப்பிடவேணும் எண்டு கேக்குது, அம்மா."

16.08.1998 – ஞாயிறு

ஐந்து கிழமையாகிறது. லிஹுவா சொன்னாள்: சாப்பிடுகிறது, குளிக்கிறது, படுக்கிறது. ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதும் வேண்டுமென்றால் முன்னால் வந்து நிற்குமாம். பஸ் ஸ்ரொப்பில் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் நேரம் கேட்பது போல. ஞாயிறுகளில் ஊருக்கு போன் எடுத்து "மம்மா, மம்மா" என்று பெரியம்மாவோடு கதைக்குமாம். அந்த நேரம் லிஹுவா குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு நிற்பாளாம்.

"அப்பாதான் சரியோ, வெரோ? விட்டுப் போனவளுக்குப் பிள்ளை இல்லையோ?"

ஃபிரிட்ஜ் கதையைச் சொன்னேன். எங்கள் றஜிதா, இவ்வளவு வாயாடி, ஒரு மாதம் அனுமதி கேட்டுத்தான் தண்ணீர் குடித்தாள் என்று. லிஹுவா நம்பவில்லை. பிறகு எப்படி மாறியது என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு நாள் கேட்காமல் திறந்தாள், அவ்வளவுதான். நான் அன்றைக்கு அதைக் கவனிக்கக்கூட இல்லை. என்ன தாய் நான்!

26.09.1998 – சனி

ஓவர்டைம் நாள். பஸ்ஸில் லிஹுவா இல்லை. ஏழு மணிக்கு லைன் தொடங்கியது, அப்போதும் இல்லை. ஒரு நாளும் சொல்லாமல் லீவு எடுக்கிறவள் இல்லையே. பிரேக் விட்டதும் லஞ்ச் றூம் போனில் அவளுடைய வீட்டுக்கு எடுத்தேன்.

ஒரு தரம் அடிக்கவே எடுபட்டது. யுன்யுன். குசுகுசு என்று, தன்னுடைய இரண்டு மாத இங்கிலிஷில், ஆனால் நல்ல கோபத்தோடு:

"மம்மா சிக். மம்மா ஸ்லீப். யூ நோ கோல்!"

டக்கென்று வைத்துவிட்டாள். நான் வெரோ அன்ரி என்று சொல்லக்கூட விடவில்லை.

ரிசீவரை வைத்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு லைனுக்குப் போனேன். லிஹுவா எங்கே என்று சுப்பவைசர் கேட்டான். அவளுக்குச் சுகமில்லை, வரமாட்டாள் என்றேன். ஒன்றும் யோசிக்க வேண்டாம், வீட்டிலே பார்க்க ஆள் இருக்கிறது என்றும் சொன்னேன்.